ரன்னர் கோப்பையின் பூர்வீகம்

கேரம் ஆட்டத்தில் யாரும் ஓடுவதில்லை. நாற்காலியை விட்டு எழுந்தாலே தப்பாட்டம். சதுரங்கத்திலும் ஓட்டம் கிடையாது. ஆனால் பரிசளிப்பு மேடைக்கு வந்தால் அங்கே இரண்டு கோப்பைகள் நிற்கும். பெரியதில் ‘வின்னர்’ என்றும், அதைவிட ஒரு சாண் குறைந்ததில் ‘ரன்னர்’ என்றும் பொறித்திருக்கும். கபடி, கைப்பந்து, ஹாக்கி, டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் என எந்த ஆட்டமானாலும் இறுதிச் சுற்றில் தோற்றவர் ரன்னர்தான்.

கோவில்பட்டிப் பக்கம் ஹாக்கி பார்த்து வளர்ந்தவன் நான். இறுதி ஆட்டம் முடிந்து ஊர் திரும்பும் பையன்களிடம் டீக்கடையில் யாராவது “என்னப்பா ஆச்சு?” என்று கேட்டால், “ரன்னர்தான் அடிச்சோம்ணே” என்பார்கள். அந்தத் ‘தான்’ எனக்கு எப்போதும் உறுத்தும். பதினான்கு அணிகளைத் தாண்டி வந்த பையன்கள் பதினாறாவது அணியைப் போலத் தலைகுனிந்து நிற்பார்கள். இந்த ரன்னர் என்ற பெயர் யார் வைத்தது, எந்த ஓட்டத்தில் ஓடியவருக்கு வைத்தது என்ற கேள்வி அங்கேதான் எனக்குள் விழுந்தது.

கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில் கிடைத்தது. “ஓட்டப்பந்தயத்திலிருந்து வந்திருக்கும் தம்பி.” உடற்கல்வி ஆசிரியர்கள்கூட அதைத்தான் சொன்னார்கள். ஆனால் ஓட்டப்பந்தயத்தில் முதலில் வருபவரும் ஓடித்தானே வருகிறார்? கடைசியில் வருபவரும் ஓடியவர்தான். இரண்டாமவரை மட்டும் ‘ஓடியவர்’ என்று தனியாக அழைக்க அங்கே காரணமே இல்லை. குதிரைப் பந்தயமும் பொருந்தவில்லை. கிண்டிக்குப் போய்ப் பழகியவர்களுக்குத் தெரியும், அங்கே ‘வின்’ உண்டு, ‘பிளேஸ்’ உண்டு. ரன்னர் என்றால் அந்தப் பந்தயத்தில் ஓடும் எல்லாக் குதிரைகளும்தான்.

பெரிய ஆங்கில அகராதிகளைப் புரட்டியபோது வழி தெரிந்தது. ‘ரன்னர்-அப்’ என்ற சொல் இந்தப் பொருளில் 1840களிலேயே அச்சேறியிருக்கிறது. அதை ஒட்டிய விளக்கம் மனிதர்களைப் பற்றியதே அல்ல. முயலைத் துரத்தும் நாய்களின் போட்டியில், கடைசி ஓட்டத்தில் மட்டும் தோற்ற நாய் என்று இருந்தது. அந்த ‘மட்டும்’ என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. பையன்களின் ‘தான்’ என்பதற்கு நேர் எதிரான சொல் அது.

அந்தப் போட்டிக்கு ஆங்கிலத்தில் ‘கோர்சிங்’ என்று பெயர். மின்சார முயலின் பின்னால் ஆறு நாய்கள் வட்டப் பாதையில் ஓடும் பந்தயம் வேறு. அது பிரிட்டனில் வேரூன்றியது 1926இல், மான்செஸ்டரின் பெல் வூ மைதானத்தில். கோர்சிங் அதைவிட மிகப் பழையது, திறந்த வயல்வெளியில் உயிருள்ள முயலை வைத்து நடந்தது. ஒரு நேரத்தில் இரண்டே நாய்கள் ஓடும். நம் சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் போலவே ஒடுங்கிய வயிறும் ஆழ்ந்த நெஞ்சும் நீண்ட காலும் கொண்ட கிரேஹவுண்டுகள். ஒன்றின் கழுத்தில் சிவப்புப் பட்டை, மற்றதன் கழுத்தில் வெள்ளைப் பட்டை. இரண்டையும் ஒரே வாரில் பிடித்திருப்பவருக்கு ‘ஸ்லிப்பர்’ என்று பெயர். முயல் கிளம்பி ஏறத்தாழ 80 கஜம் போன பிறகுதான் அவர் வாரை அவிழ்ப்பார். நடுவர் குதிரைமேல் ஏறிக் கூடவே விரைவார்.

கரிசல் காட்டில் வேட்டை நாய் வைத்திருந்த பெரியவர்கள் சொல்வார்கள், நேர் ஓட்டத்தில் முயல் நல்ல நாயிடம் தப்பாது, திரும்பித் திரும்பித்தான் தப்பும் என்று. கோர்சிங்கின் விதிகள் அந்தத் திருப்பத்தின் மேல்தான் எழுதப்பட்டிருக்கின்றன. முயலைச் செங்கோணத்துக்குத் திரும்பவைத்த நாய்க்கு 1 புள்ளி. அதைவிடக் குறைவாக வளையவைத்தால் அரைப் புள்ளி. முதலில் முயலை எட்டிய வேகத்துக்குத் தனிப் புள்ளி, பின்னால் கிடந்து பக்கத்து நாயைத் தாண்டி முந்தினால் அதற்கும் புள்ளி. முயலைப் பிடித்துவிட்ட நாயே வென்றதாகாது. பிடித்ததில் திறமை இல்லையென்றால் அதற்குப் புள்ளியே கிடையாது. பிடித்த நாய் தோற்று, பிடிக்காத நாய் வென்ற ஓட்டங்கள் உண்டு.

இந்தப் போட்டிகளின் உச்சம் லிவர்பூல் அருகே ஆல்ட்கார் என்ற ஊரில் நடந்த வாட்டர்லூ கோப்பை. லிவர்பூலில் வாட்டர்லூ ஹோட்டலை நடத்திவந்த வில்லியம் லின் என்பவர், செஃப்டன் பிரபுவின் நிலத்தில் 1836இல் இதைத் தொடங்கினார். பெயர் வாட்டர்லூ போரிலிருந்து நேராக வரவில்லை, ஹோட்டலிலிருந்து வந்தது. முதல் ஆண்டு 8 நாய்கள். 1857 முதல் 64 நாய்கள். பாதி பாதியாகப் பிளந்துபோகும் இந்தக் கணக்கில்தான் நம் சொல்லின் பொருள் இருக்கிறது.

64 நாய்கள் இரண்டிரண்டாக ஓடினால் 32 மிஞ்சும். பிறகு 16, 8, 4, 2. கடைசி ஓட்டத்துக்கு வரும் நாய் ஐந்து நாய்களை அடுத்தடுத்து வென்றிருக்க வேண்டும். சுற்று ஏற ஏற எதிரே நிற்கும் நாயும் வலுத்துக்கொண்டே போகும், தன் காலிலோ முந்தைய சுற்றுகளின் களைப்பு சேர்ந்துகொண்டே போகும். அப்படி ஓடி ஓடி மேலே வந்து, ஆறாவது ஓட்டத்தில் தோற்ற நாயைப் பற்றி அந்தக் காலத்து நாய்ப் பதிவுகளில் எழுதும்போது, வாட்டர்லூ கோப்பைக்கு ‘ஓடி ஏறியது’ என்ற பொருளில் ‘ரேன் அப்’ என்று எழுதுவார்கள். ‘ரன்னர்-அப்’ அந்த வினையின் பெயர். கடைசிப் படிவரை ஓடி ஏறிய நாய் என்பது அதன் நேர்ப்பொருள்.

அது பெருமைப் பட்டமாகவே இருந்தது. அயர்லாந்தின் மாஸ்டர் மெக்ராத் என்ற சிறிய நாய் 1868, 1869, 1871 ஆகிய ஆண்டுகளில் கோப்பையை வென்று, விக்டோரியா ராணி அழைத்துப் பார்க்கும் அளவுக்குப் புகழ் பெற்றது. 1869இல் அதற்கு எதிரே நின்று தோற்றது ‘பாப் அட் த பௌஸ்டர்’ என்ற ஸ்காட்லாந்துப் பெண் நாய். அந்த நாயின் பெயரும் இன்றுவரை கோர்சிங் நூல்களில் மரியாதையோடு நிற்கிறது. கடைசி ஓட்டத்துக்கு ஒரே உரிமையாளரின் இரண்டு நாய்கள் வந்துவிட்டால் அவற்றை மோதவிடாமல் கோப்பையைப் பங்கிட்டுவிடும் வழக்கமும் இருந்தது. 1889இல் கர்னல் நார்த்தின் ஃபுல்லர்ட்டனும் டிரௌகெண்டும் அப்படிப் பங்கிட்டுக்கொண்டன. அந்த ஆண்டு ரன்னர்-அப் என்று எந்த நாயும் இல்லை.

அந்த விளையாட்டுக்காக நான் ஏங்கவில்லை. அஞ்சி ஓடும் உயிரை வைத்துப் புள்ளி எண்ணுவது நிற்க வேண்டியதுதான். 2004இல் நிறைவேறிய வேட்டைத் தடைச் சட்டம் இங்கிலாந்தில் அதை நிறுத்தியது. 2005 பிப்ரவரியில் கடைசி வாட்டர்லூ கோப்பை நடந்தது. நம் நாட்டிலும் முயல் வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். ஆனால் போட்டி மறைந்த பிறகும் அதன் சொல் நம் ஊர்க் கேரம் பலகைவரை வந்து உட்கார்ந்திருக்கிறது.

வரும் வழியில் அது ஒரு உறுப்பை இழந்துவிட்டது. நம் கோப்பைகளில் ‘அப்’ இல்லை. ரன்னர், ரன்னர்ஸ் என்று மட்டும் பொறிக்கிறோம். ஏறிவந்ததைச் சொன்ன பாதி உதிர்ந்து, ஓடியதைச் சொல்லும் பாதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதனால்தான் கேட்பவருக்குப் பொருள் பிடிபடவில்லை. இதில் நம் விளையாட்டுப் பக்கங்களின் தமிழ் எவ்வளவோ மேல். ‘இறுதிச் சுற்றுக்கு முன்னேறினார்’ என்று எழுதுகிறோம் அல்லவா? அந்த ‘முன்னேறினார்’ அந்த ‘அப்’ செய்த வேலையைக் குறைவில்லாமல் செய்கிறது. அழகிப் போட்டி மேடைகளோ சொல்லை வேறு பக்கம் இழுத்துவிட்டன. அங்கே முதல் ரன்னர்-அப், இரண்டாம் ரன்னர்-அப் என்று வரிசை போகிறது. ஆல்ட்கார் வயலில் அப்படி ஒன்று இருக்கவே முடியாது. கடைசியில் மட்டும் தோற்றது ஒரே ஒரு நாய்தான்.

நாய்ப் போட்டியின் சொல் மனிதர்களின் ஆட்டத்துக்கு எப்படித் தாவியது என்று தேடியபோது ஒரே மனிதர் இரு பக்கமும் நிற்பதைப் பார்த்தேன். ஜான் ஹென்றி வால்ஷ். அறுவை மருத்துவராக இருந்து எழுத்தாளர் ஆனவர். ‘ஸ்டோன்ஹெஞ்ச்’ என்ற புனைபெயரில் 1853இல் கிரேஹவுண்டுகளைப் பற்றி அவர் எழுதிய நூல் கோர்சிங்காரர்களுக்கு வேதம் போல இருந்தது. 1857இல் அவர் ‘தி ஃபீல்டு’ வார இதழின் ஆசிரியரானார். 1868இல் அதே இதழின் அலுவலகத்தில் கூடிய சிலர் ஆல் இங்கிலாந்து குரோக்கே கிளப்பைத் தொடங்கினார்கள். வால்ஷ் அவர்களில் ஒருவர். அந்தக் கிளப்தான் 1877இல் விம்பிள்டனில் முதல் டென்னிஸ் போட்டியை நடத்தியது. அதற்கு 25 கினி மதிப்புள்ள வெள்ளிக் கோப்பையைக் கொடுத்தது ‘தி ஃபீல்டு’. கோர்சிங்கின் விதிகளும் வழக்குச் சொற்களும் விரல்நுனியில் இருந்த ஒருவரின் மேசையிலிருந்து உலகின் முதல் பெரிய டென்னிஸ் போட்டி புறப்பட்டிருக்கிறது. இரண்டிரண்டாக மோதவிட்டுத் தோற்றவரை வெளியேற்றும் முறை இரண்டுக்கும் பொது. சொல் தாவுவதற்கு இதைவிட நேரான வாய்க்கால் வேண்டியதில்லை.

அந்த 1877 போட்டியின் கணக்கைப் பார்த்தபோதுதான் என் தேடல் சொல்லைத் தாண்டிப் போனது. பெயர் கொடுத்தவர்கள் 22 பேர். 22 என்பது 64 போலச் சீராகப் பிளக்கும் எண் அல்ல. ஆடிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள்: ஸ்பென்சர் கோர், வில்லியம் மார்ஷல், சார்லஸ் ஹீத்கோட். மார்ஷலுக்கு ‘பை’ விழுந்தது. நம் மைதானங்களிலும் அதே சொல்தான், “அந்த டீமுக்கு பை கிடைச்சிருச்சு.” மார்ஷல் ஆடாமலே இறுதிக்குப் போனார். ஹீத்கோட் கோரிடம் தோற்றார். மழையால் தள்ளிப்போன இறுதி ஆட்டம் ஜூலை 19இல் நடந்தது. ஒரு ஷில்லிங் கொடுத்து வந்த ஏறத்தாழ 200 பேர் முன்னிலையில் கோர் 6-1, 6-2, 6-4 என்று மார்ஷலை 48 நிமிடத்தில் முடித்தார்.

நாய்ப் போட்டி வழக்கப்படி மார்ஷல்தான் ரன்னர்-அப், கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் முடிக்கவில்லை. ஹீத்கோட்டும் கோரிடம் மட்டும்தானே தோற்றார், பை கிடைத்த காரணத்துக்காக மார்ஷலுக்கு இரண்டாம் பரிசை எப்படித் தூக்கிக் கொடுப்பது என்ற கேள்விக்கு அங்கேயே விடை கண்டார்கள். மார்ஷலும் ஹீத்கோட்டும் இரண்டாம் இடத்துக்காகத் தனியாக ஓர் ஆட்டம் ஆடினார்கள். மார்ஷல் 6-4, 6-4 என்று வென்று 7 கினி பரிசை வாங்கினார். தோற்றவருக்கும் ஒரு நியாயம் உண்டு என்று நினைத்த அந்தக் குழுவின்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

அடுத்த ஆண்டே நிலைமை மாறிவிட்டது. சென்ற ஆண்டு வென்றவர் சும்மா இருப்பார், மற்றவர்கள் ஆடி ஒருவரைத் தேர்ந்து அனுப்ப அவரோடு மட்டும் மோதுவார் என்று விதி வந்தது. 1878இல் அப்படி ஏறிவந்தவர் ஃபிராங்க் ஹாடோ. இலங்கையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த துரை, விடுமுறைக்கு ஊருக்குப் போனவர். தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து போன கூலிகளின் உழைப்பில் அந்தக் காப்பித் தோட்டங்கள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஹாடோ கோரை வென்று கோப்பையை எடுத்தார், தோட்டத்துக்குத் திரும்பினார், அடுத்த ஆண்டு கோப்பையைக் காக்கவும் வரவில்லை. இதில் நம் விஷயம் கோர். அந்த ஆண்டு அவர் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். அதிலும் தோற்றார். ஆனாலும் பட்டியலில் அவர்தான் ரன்னர்-அப். எதிலும் ஓடாமல், எங்கும் ஏறாமல் அந்தப் பெயர். 1921 வரை விம்பிள்டனில் இந்த முறை நீடித்தது.

இரண்டாம் பரிசு எவ்வளவு தற்செயலானது என்பதைக் கணக்காகவே போட்டுக் காட்டிய ஒருவர் இருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் சொல்லிக்கொடுத்த சார்லஸ் டாட்ஜ்சன். லூயிஸ் கரோல் என்றால் எல்லோருக்கும் தெரியும், ‘ஆலிஸின் அற்புத உலகம்’ எழுதியவர். டென்னிஸ் போட்டி ஒன்றைப் பார்க்கப் போன இடத்தில், ஆரம்பச் சுற்றிலேயே வெளியேறிய ஒரு ஆட்டக்காரர், தன்னைவிடத் தாழ்ந்தவன் இரண்டாம் பரிசை வாங்குகிறானே என்று புலம்பியதைக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 1883இல் அதற்காகவே ஒரு சிறு நூல் வெளியிட்டார்.

அவர் வாதம் எளிது. 32 பேர் ஆடுகிறார்கள். எல்லோரிலும் சிறந்தவர் பட்டியலில் ஓர் இடத்தில் இருக்கிறார். அடுத்த சிறந்தவர் மீதி 31 இடங்களில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். அவற்றில் 16 இடங்கள்தான் எதிர்ப்பாதியில் இருக்கின்றன. அங்கே விழுந்தால் அவர் இறுதிக்கு வருவார். சிறந்தவரின் பாதியிலேயே விழுந்தால் இறுதிக்கு முன்பே அவரிடம் மோதி வெளியேறுவார். ஆக, உண்மையான இரண்டாமவர் இரண்டாம் பரிசு வாங்கும் வாய்ப்பு 16/31. பாதியைவிட ஒரு துளி அதிகம், அவ்வளவுதான். நம் ஊரில் 16 அணி ஆடினால் 8/15. 8 அணி ஆடினால் 4/7. சீட்டுக் குலுக்கிப் போடும் நம் போட்டிகளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான தடவை ரன்னர் கோப்பை உரியவரிடம் போவதில்லை என்று இதற்குப் பொருள்.

டாட்ஜ்சன் சொன்ன மாற்று முறையில் ஒருவர் ஒரு தோல்வியோடு வெளியேறுவதில்லை. தன்னை வென்றவர்கள், அவர்களை வென்றவர்கள் என்று கணக்கிட்டுத் தனக்கு மேலே மூவர் சேர்ந்த பிறகே வெளியேறுவார். மூன்று பரிசு என்றால் மூன்று பேர் மேலே இருந்தால்தானே பரிசு நழுவும். அந்த முறையை யாரும் கைக்கொள்ளவில்லை. டென்னிஸ் உலகம் வேறு வழி எடுத்தது. நல்ல ஆட்டக்காரர்களை முன்கூட்டியே தனித்தனியாகப் பிரித்து வைக்கும் ‘சீடிங்’ 1927இல் விம்பிள்டனில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

ஆனால் அந்த ஆட்டக்காரரின் புலம்பலுக்கு மறுமொழி நமக்கு நன்றாகத் தெரிந்த ஓரிடத்தில் இருக்கிறது. மல்யுத்தத்தில் ‘ரெப்பசாஜ்’ என்றொரு விதி. இறுதிக்குப் போன வீரரிடம் தோற்றவர்களை மீண்டும் கூப்பிட்டு வெண்கலத்துக்கு மோதவிடுவார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சுஷில் குமார் முதல் மோதலிலேயே உக்ரைனின் ஸ்டாட்னிக்கிடம் தோற்றார். ஸ்டாட்னிக் இறுதிக்குப் போனதால் சுஷிலுக்குக் கதவு திறந்தது, வெண்கலம் வந்தது. 2016 ரியோவில் சாக்‌ஷி மாலிக் காலிறுதியில் தோற்றார். அவரை வென்ற ரஷ்ய வீராங்கனை இறுதிக்குப் போனார், சாக்‌ஷி திரும்பி வந்து பதக்கம் வென்றார். முதல் சுற்றில் பலசாலியிடம் மாட்டிக்கொண்டது உன் குற்றமில்லை என்று சொல்லும் விதி இது.

இத்தனையும் தெரிந்த பிறகு நம் மைதானங்களைப் பார்க்கிறேன். இரவு முழுக்க மின்விளக்கில் நடக்கும் கபடியில் சீட்டுக் குலுக்கித்தான் ஜோடி சேர்க்கிறோம். எந்த அணி எந்தப் பாதியில் விழும் என்பது ஒரு சிறுவன் எடுக்கும் துண்டுத் தாளில் இருக்கிறது. பை கிடைத்த அணி நேரே மேலே போகிறது. முதல் சுற்றிலேயே சாம்பியனிடம் ஓரிரு புள்ளியில் தோற்ற அணி வேன் ஏறி ஊருக்குப் போய்விடுகிறது. இறுதியில் தோற்ற அணியோ இரண்டாம் பரிசுத் தொகையோடும் ‘ரன்னர்தான்’ என்ற குறையோடும் போகிறது. இரண்டு அணிக்கும் நாம் செய்வது நியாயமில்லை.

ஆகவே போட்டி நடத்தும் கமிட்டிக்காரர்களிடம் மூன்று காரியம் கேட்கிறேன். பை வாங்கி இறுதிக்கு வந்த அணி இரண்டாம் இடம் பெறும் நிலை வந்தால், அரையிறுதியில் சாம்பியனிடம் தோற்ற அணியோடு அதை ஒரு தடவை மோதவிடுங்கள். சென்ற ஆண்டு நன்றாக ஆடிய இரண்டு அணிகளைச் சீட்டில் போடாமல் ஆளுக்கொரு பாதியில் வையுங்கள். சுழற்கோப்பையின் அடிப்பலகையில் வென்ற அணியின் பெயருக்குக் கீழே, கடைசி ஆட்டத்தில் மட்டும் தோற்ற அணியின் பெயரையும் பொறியுங்கள். பொறிப்பவரிடம் ‘ரன்னர்-அப்’ என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள், கூடுதல் கூலி இரண்டெழுத்துக்குத்தான். அடுத்த பொங்கல் போட்டிக்கு நோட்டீஸ் அடிக்கும் முன் ஒரு நாள் உட்கார்ந்து இதைப் பேசி முடிவெடுங்கள்.